நொட்டாங்கைக்காரி

அத்தியாயம் 6

"உம்மை உள்ள விட்டதே தப்பு. வேலையைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போன ரைட்டருக்கு இந்த ஸ்டேஷன்ல நாற்காலி கிடையாது. நின்னுக்கிட்டே பாத்துட்டுக் கிளம்பும்" என்றார் இன்ஸ்பெக்டர் குருபாதம்.

உக்கிரபாண்டி நின்றுகொண்டே பார்த்தார். மேஜைமேல் விரித்த வெள்ளைக் கைக்குட்டை, அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டு. நான்கு பக்கமும் கருகிப் போயிருந்தது. நடுவில் ஒரு பெண்ணின் தோளும் கையும் மட்டும் மிச்சம். அந்தக் கை ஒரு வாளின் பிடியை இறுகப் பற்றியிருந்தது. வலது கை.

ஆறு வருஷத்துக்கு முன் உக்கிரபாண்டி இதே குருபாதத்திடம் ரைட்டராக இருந்தவர். ஒருவன் சொல்லாத வாக்குமூலத்தை எழுதச் சொன்னபோது பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். இப்போது மேலமாசி வீதியில் ஒரு மாடியறை, 'தனியார் துப்பறிவாளர்' என்று ஒரு தகரப் பலகை. குருபாதம் இன்னும் அந்தப் பேனாவை மன்னிக்கவில்லை.

"இது எங்க கிடைச்சது?"

"பேயாண்டியோட அடுப்புச் சாம்பல்ல. போதுமா?"

பேயாண்டி என்பவன் சொக்கிகுளத்தில் ராவ்சாகிப் சபாநாயகத்தின் பங்களாத் தோட்டக்காரன். சபாநாயகம் பென்ஷன் வாங்கிய டிப்டி கலெக்டர். அவருடைய ஹாலில் எட்டு வருஷமாக ஒரு சீமைப் படம் தொங்கியது. நானூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் யாரோ ஒரு பெரிய கலைஞர் வண்ணத்தில் தீட்டிய சித்திரத்தைப் பார்த்து, பிற்காலத்தில் லண்டனில் ஒருவர் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. மெஸோடின்ட் என்று அதற்குப் பேர். உலகத்தில் அதற்கு மூன்றோ நான்கோ பிரதிகள்தான் மிச்சம் என்றார்கள்.

படம் ராவ்சாகிபுக்குச் சொந்தமில்லை. திருமங்கலத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் நடத்திய விட்காம் துரைசானி ஓய்வுபெற்று மலைக்குக் குடிபோகும்போது, பத்திரமாக வைத்திருங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனது. போன வருஷம் துரைசானி காலமானார். படத்தை விற்றுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிணறும் இரண்டு வகுப்பறையும் கட்டும்படி உயில். அதை வாங்கிப் போக மதராஸிலிருந்து ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. கடிதம் வந்த நாலாம் நாள் படத்தைக் காணோம். பத்து நாள் ஆகிறது.

பேயாண்டியின் பேர் கைரேகைப் பதிவேட்டில் இருந்தது. மதுரைக்கு மேற்கே சில ஊர்களில் ஆம்பிளையாய்ப் பிறந்தால் போதும், சர்க்கார் பத்து விரலையும் மையில் தோய்த்து எடுத்துக்கொள்ளும். அப்புறம் எந்த ஊரில் எது காணாமற்போனாலும் முதலில் அவன் கதவைத்தான் தட்டுவார்கள்.

"படத்தைத் திருடுனவன் அதை ஏன் எரிக்கணும்?" என்று கேட்டார் உக்கிரபாண்டி.

"பயந்து எரிச்சிருப்பான்."

உக்கிரபாண்டிக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "வேலியில அம்புட்டு முள்ளு கிடக்கு. சோறாக்க சீமைப் படந்தான் கிடைச்சுச்சாக்கும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "யார்றா நீ?"

"முத்திருளன்ங்கய்யா. அண்ணனுக்கு ஒத்தாசை."

"எந்த ஊரு? சீட்டு இருக்கா?"

முத்திருளன் மடியிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினான். அவன் பேரும் அதே பதிவேட்டில்தான். ஊரைத் தாண்டி வர அனுமதிச் சீட்டு வேண்டும். "சாயங்காலம் ஆறு வரைக்கும் செல்லும்ங்கய்யா. ஆறு வரைக்கும் துப்பறிவாளன். ஆறுக்கு மேல திருடன்."

குருபாதம் சீட்டைக் கீழே போட்டார். முத்திருளன் குனிந்து எடுத்துக்கொண்டான்.

"நாலு மணிக்குப் பங்களாவுல மகஜர். ராவ்சாகிப் இந்தத் துண்டை அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போடுவார். அஞ்சு மணிக்கு இவனை மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்திடுவேன். அதுக்குள்ள நீர் எதையாவது கிழிக்க முடிஞ்சா கிழியும்."

லாக்கப் கம்பிக்குள் பேயாண்டி சுவரோடு சாய்ந்திருந்தான். இரண்டு கை விரல்களும் வீங்கியிருந்தன. அவன் பெண்டாட்டி ஜெயக்கொடிதான் முந்தாநாள் மேலமாசி வீதிக்கு வந்து அழுதவள். உக்கிரபாண்டியைப் பார்த்தும் பேயாண்டி எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒத்துக்கலண்ணே" என்றான்.

*

பங்களாவின் கொல்லையில் ஒச்சம்மாள் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீடு கூட்டித் துடைப்பது அவள் வேலை. இவர்களைப் பார்த்ததும் தேய்ப்பு இன்னும் வேகமானது.

"பேயாண்டிக்காக வந்திருக்கீகளா? அவன் உள்ளேயே கிடக்கட்டும். கத்திரிச் செடியைக் கடிச்சுச்சுன்னு என் ஆட்டுக்காலை ஒடிச்ச பய."

"ஆத்தா, ஆட்டுக்கால் கேசை அப்பறமா எடுத்துக்கிறோம்" என்றான் முத்திருளன்.

"ஆத்தாவா? எனக்கு என்னடா வயசு? போடா அங்கிட்டு!"

உக்கிரபாண்டி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். "அக்கா, அவனுக்கு நல்லது சொல்ல வேணாம். காணாமப் போன படம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

"எது, நொட்டாங்கைக்காரியா?"

"யாரு?"

"நான் அப்படித்தான் சொல்லுவேன். ஒரே இருட்டா இருக்கும். அந்த இருட்டுக்குள்ள ஒரு பொம்பள நிப்பா. நொட்டாங்கையில வாளு. சோத்தாங்கையில ஒரு ஆம்பளத் தலை. மசுரைப் பிடிச்சுத் தூக்கியிருப்பா."

"வாளு இடது கையிலதானா? நல்லா நெனப்பு இருக்கா?"

ஒச்சம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். புளி அப்பியிருந்த கையைத் தூக்கிக் காட்டினாள். அது இடது கை. "சின்னதுலேர்ந்து இந்தக் கைக்காகத்தான் அடி வாங்குறேன். எட்டு வருசம் அவ மூஞ்சியத் துடைச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா? நம்ம சாதிடி நீன்னு அவகிட்டயே சொல்லியிருக்கேன்."

முத்திருளன் உக்கிரபாண்டியைப் பார்த்தான்.

"இப்ப ஹால்ல துடைக்கிறதுக்கே ஒண்ணுமில்ல" என்று ஒச்சம்மாள் தானாகவே தொடர்ந்தாள். "அது போச்சு. ராசா படம் ஒண்ணு இருக்கு, ஜூபிலிக்கு மாட்டுனது. அதையும் இனி நான் தொடக்கூடாதாம். படம் திருடுபோன மறுநாளே சொல்லிட்டாரு. அவரே துடைச்சுக்கிறாராம். மூக்குக் கண்ணாடிய நான் துடைச்சுக் குடுத்தாத்தான் மாட்டுவாரு, அவரு துடைக்கிறாராம்."

"இங்கே என்ன பேச்சு?"

ராவ்சாகிப் சபாநாயகம் பின்வாசல் படியில் நின்றார். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத வேட்டி. ஒச்சம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டாள்.

"விசாரிக்கிறோம்" என்றார் உக்கிரபாண்டி.

"வேலைக்காரியிடமா? அந்தப் படத்தை இந்த ஊரில் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். மற்றவர்களுக்கு அது சுவரில் ஒரு கறுப்பு. என் தோட்டத்தை விட்டு வெளியே போங்கள். அந்த ஆளைப் பார்த்தால் என் கைக்கடிகாரத்தை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது."

"ஒரு கடிகாரந்தான கட்டியிருக்கீக? எண்ணி முடிச்சிட்டீகளா?" என்றான் முத்திருளன்.

கேட் அவர்கள் முதுகுக்குப் பின்னால் படாரென்று சாத்தப்பட்டது.

*

வெயில் தார் போல ஒட்டியது. கோரிப்பாளையம் போகும் சாலையில் இருவரும் வேகமாக நடந்தார்கள்.

"ஒச்சம்மாளுக்கு பேயாண்டியக் கண்டாலே ஆகாது" என்றார் உக்கிரபாண்டி. "அவனைக் காப்பாத்தப் பொய் சொல்லமாட்டா. ஆனா ஸ்டேஷன்ல இருக்கற துண்டுல வாளு வலது கையில இருக்கு. அது நல்லாவே தெரியுது. ஒண்ணு இவ பொய், இல்ல அந்தத் துண்டு பொய்."

"ரெண்டும் நெசமா இருந்தா?"

"எப்படி?"

முத்திருளன் வலது கைக் கட்டை விரலை நீட்டினான். விரலின் இடது ஓரத்தில் அரிவாள் பட்ட பழைய தழும்பு ஒன்று கோணலாக ஓடியது. "ரேகை எடுக்கறப்பல்லாம் எங்க ஊர் ஏட்டு எங்கிட்ட மல்லுக்கட்டுவாரு. 'தழும்பு உன் விரல்ல இந்தப் பக்கம் இருக்கு, காகிதத்துல அந்தப் பக்கம் விழுகுது, வேற எவன் விரலையோ வச்சிட்டே'ம்பாரு. மையத் தடவி அமுக்குனா இடம் வலமாத்தானண்ணே விழும்? அந்தப் படமும் மையத் தடவி அமுக்குனதுதான?"

உக்கிரபாண்டி நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் மாடுகளை இழுத்துப் பிடித்து அவர் குடும்பத்தையே திட்டினான். அவர் காதில் விழவில்லை.

"முத்திருளா! இத்தாலிக்காரன் தீட்டினப்ப அவ வாளை வலது கையிலதான் பிடிச்சிருந்தா. லண்டன்காரன் அதைப் பாத்தபடியே தகட்டுல செதுக்கிட்டான். அச்சடிச்சப்ப மாறி விழுந்துச்சு. அச்சுப் படத்துல அவ இடது கைக்காரி ஆயிட்டா. அப்ப வலது கையோட இருக்கற படம் எது?"

"முதல்ல வரைஞ்சது."

"அது சீமையில இருக்கு. அதைப் போட்டோ பிடிச்சுப் போட்ட புத்தகம் இங்க இருக்கும். அடுப்புல எரிஞ்சது புத்தகத்துலேர்ந்து கிழிச்ச பக்கம்."

"அப்ப நிசப் படம்?"

"அது எரியல. அதைவிட முக்கியம், பேயாண்டிக்குப் புத்தகம் ஏது? ஆனா வேலைக்காரி சொன்னான்னா குருபாதம் சிரிப்பார். எழுத்துல வேணும்."

*

கோரிப்பாளையம் தர்காவுக்கு எதிர்ச்சந்தில் மீரான் ராவுத்தரின் கண்ணாடிச் சட்டக் கடை. ராவ்சாகிப் வீட்டுப் படங்களுக்கெல்லாம் அவர்தான் சட்டம் போடுகிறவர். படம் காணாமற்போன இரண்டாம் நாளே போலீஸ் வந்து கடையைக் கவிழ்த்துப் போட்டிருந்தது. உடைந்த கண்ணாடி இன்னும் மூலையில் குவிந்து கிடந்தது.

உக்கிரபாண்டி வாயைத் திறக்கும் முன்பே ராவுத்தர் கண்ணாடி அறுக்கும் வைர முனையை நீட்டினார். "போலீஸா?"

"இல்ல."

"போலீஸ் மாதிரி நிக்கிறீங்க. வெளியே போங்க. முப்பது வருஷமாத் தொழில் பண்றேன். ஹராமான ஒரு துண்டுக் கண்ணாடிகூட இங்க கிடையாது."

"ராவ்சாகிப் வீட்டுப் படத்தைப் பத்தி ஒரே ஒரு கேள்வி."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்றதா இல்ல."

உக்கிரபாண்டி பெருமூச்சு விட்டுத் திரும்பினார். "வாப்பா போவோம். பாவம், அவர் படத்தை எங்க பாத்திருக்கப்போறாரு? நாலு மூலையையும் அளந்திருப்பாரு. உள்ள இருக்கறது ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிருக்காது."

"நில்லுங்க!" ராவுத்தரின் தாடி துடித்தது. "யாருக்குத் தெரியாது? போன வருஷம் கண்ணாடி மாத்த வந்தப்ப மூணு நாள் அதை என் முன்னால வச்சிருந்தேன். தகடு முழுக்கக் கொத்திக் கொத்திக் கரகரப்பாக்குவாங்க. அப்படியே மை போட்டா முழு இருட்டு. எங்கெங்க வெளிச்சம் வேணுமோ அங்க மட்டும் சுரண்டி வழவழன்னு ஆக்குவாங்க. இருட்டுக்குள்ளேருந்து ஒரு மூஞ்சியச் சுரண்டி எடுத்த வேலை அது! வெல்வெட்டு மாதிரி கறுப்பு. எனக்கா தெரியாது?"

"அப்ப வாளு எந்தக் கையில?"

ராவுத்தர் அலமாரியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை இழுத்து, பக்கங்களைப் புரட்டி, அவர்கள் மூக்குக்கு நேராக அறைந்து வைத்தார். வாடிக்கையாளர் படத்தைத் திரும்ப எடுத்துப் போகும்போது கையெழுத்துப் போடும் நோட்டு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் ஒவ்வொரு படத்தையும் தான் கண்டபடி எழுதி வைத்திருந்தார். 'யானை மேல் ஜமீந்தார்.' 'மூணு பிள்ளை, ஒரு நாய்.' அதற்குக் கீழே, 'இடது கையில் வாள், வலது கையில் தலை, வெள்ளைக்காரப் பொம்பளை. கண்ணாடி புதுசு.' பக்கத்தில் கோணலில்லாத இங்கிலீஷ் கையெழுத்து: சபாநாயகம்.

முத்திருளன் மெதுவாக விசில் அடித்தான்.

"இந்த நோட்டோட நாலு மணிக்கு நீங்க வரணும்" என்றார் உக்கிரபாண்டி.

"எதுக்கு? இன்னொரு வாட்டி என் கடைய உடைக்கறதுக்கா?"

"எங்க ஊர்க்காரன் ஒருத்தன் விரலை உடைச்சிட்டாங்க மாமு" என்றான் முத்திருளன். முதல் முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. "கண்ணாடின்னா நீங்க மாத்திப்புடலாம்."

ராவுத்தர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "நட மாப்ள."

*

நாலு மணிக்கு ஹாலில் எல்லாரும் இருந்தார்கள். ராவ்சாகிப் நாற்காலியில். இன்ஸ்பெக்டர் மேஜையருகில். ஒரு கான்ஸ்டபிள் விலங்கு மாட்டிய பேயாண்டியைக் கதவோரம் நிறுத்தியிருந்தான். கிழக்குச் சுவரில் படம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. மேற்குச் சுவரில் பொன் சட்டத்துக்குள், ஜூபிலிக்கு மாட்டிய சக்கரவர்த்தி படம்.

முத்திருளன் உக்கிரபாண்டியின் காதில், "சொல்லிருங்கண்ணே" என்றான்.

"பொறு. முதல்ல அவர் கையெழுத்துப் போடட்டும்."

குருபாதம் மகஜரை வாசித்தார். கருகிய துண்டு தன் வீட்டிலிருந்து திருடுபோன படத்தின் பாகமே என்று ராவ்சாகிப் அடையாளம் காட்டுகிறார். ராவ்சாகிப் துண்டை ஒரு தடவை பார்த்தார். "சந்தேகமே இல்லை" என்றார். கையெழுத்துப் போட்டார்.

"சாட்சிக் கையெழுத்து நான் போடலாமா?" என்று கேட்டார் உக்கிரபாண்டி.

குருபாதத்துக்கு அது வேடிக்கையாக இருந்தது. "ஆறு வருஷம் கழிச்சு நான் எழுதினதுல கையெழுத்துப் போடுறீரா? பேஷ். போடும்."

உக்கிரபாண்டி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, மை உலரும்வரை ஊதினார். பிறகு ராவுத்தரின் நோட்டை அதன் பக்கத்தில் விரித்தார்.

"இன்ஸ்பெக்டர், இனி இந்த மகஜரைக் கிழிக்க முடியாது. என் பேரும் அதுல இருக்கு. இந்த நோட்டுலயும் ராவ்சாகிப் கையெழுத்து இருக்கு. அவர் வீட்டுப் படத்துல வாளு இடது கையில. நீங்க வச்சிருக்கற துண்டுல வலது கையில. அது எப்படி அந்தப் படத்தோட பாகம் ஆகும்?"

குருபாதம் துண்டைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடியும் துண்டைப் பார்த்தார். உக்கிரபாண்டி அச்சில் இடம் வலமாக மாறுவதை இரண்டே வரியில் சொன்னார்; முத்திருளன் தன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

"இந்தத் துண்டு புத்தகத்துல இருந்த பக்கம். இந்த வீட்டு அலமாரியில இத்தாலிச் சித்திரப் புத்தகம் எதாவது இருந்தா எண்ணிப் பாருங்க. ஒரு பக்கம் குறையும்."

ராவ்சாகிபின் முகம் வெளுத்தது. ஆனால் டிப்டி கலெக்டராக இருந்தவர், சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "அப்படியானால் இவன் படத்தையும் திருடியிருக்கிறான், புத்தகத்தையும் கிழித்திருக்கிறான். அசலை எங்கோ விற்றுவிட்டு, எரிந்துபோனதாக நம்மை நம்பவைக்கப் பார்த்தான். பதற்றத்தில் எனக்குக் கண் ஏமாந்துவிட்டது. குற்றம் இன்னும் பெரிதாகிறது, இன்ஸ்பெக்டர்."

குருபாதம் தலையாட்டினார். அவருக்கு அந்த வழி பிடித்திருந்தது. "ஆமாம். அசல் எங்கடா?"

கான்ஸ்டபிள் விலங்கை இழுத்தான். பேயாண்டி தடுமாறினான்.

"தோட்டத்தை விட்டு உள்ள வந்து அலமாரியத் திறந்து, இங்கிலீஷ் புத்தகத்தைத் தேடி, அதே பொம்பள இருக்கற பக்கத்தைக் கண்டுபிடிச்சானாக்கும்?" என்றான் முத்திருளன். "இவன் பீடிக்கட்டுல இருக்கற எழுத்தையே தலைகீழாப் பிடிச்சுத்தான் பாப்பான்."

"வாயை மூடு!"

"அசல் இந்த ஹால்லதான் இருக்கு" என்றார் உக்கிரபாண்டி. அவர் கை மேற்குச் சுவரைக் காட்டியது. "அந்தச் சட்டத்துக்குள்ள."

"சக்கரவர்த்தி படத்திலயா?" குருபாதம் கத்தியேவிட்டார். "அதுல கைவச்சீர்னா உம்மேல வேற கேசு போடுவேன். ராஜத்துரோகம்! கான்ஸ்டபிள், சுவர்ப் பக்கம் எவனையும் விடாதே!"

கான்ஸ்டபிள் குறுக்கே நின்றான்.

அப்போது பின்கட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒச்சம்மாள் உள்ளே வந்தாள். இடது கையில் ஈரத்துணி. யாரையும் பார்க்காமல் ஒரு முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு அதன்மேல் ஏறினாள். கான்ஸ்டபிளுக்கு அவள் வீடு துடைக்கிறவள், தடுக்கத் தோன்றவில்லை.

"ஜூபிலியிலேர்ந்து நாந்தானய்யா துடைக்கிறேன். பத்து நாளாத் தூசி அப்பிக் கிடக்கு" என்று சட்டத்தைப் பிடித்தாள்.

"தொடாதே!"

ராவ்சாகிபின் குரல் கீச்சிட்டுப் பிளந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடினார், விழப்போகும் குழந்தையைப் பிடிக்க ஓடுகிறவர் போல. "ஈரத் துணியடி! ஈரம் பட்டால் போய்விடும்! தொடாதே!"

குருபாதம் அவரையே பார்த்தார். ராவ்சாகிப் ஏன் இப்படி அலறுகிறார் என்று யோசிக்க, சக்கரவர்த்தி படத்தில் ஈரம் பட்டால் என்ன என்று யோசிக்க, அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தானே சுவரிலிருந்து சட்டத்தை இறக்கினார். ராவுத்தர் முன்னால் வந்து, பின்னட்டையில் இருந்த நான்கு ஆணிகளைக் குறடால் பிடுங்கினார். "இது என் ஆணி இல்ல. கைப்பழக்கம் இல்லாதவன் அடிச்சது" என்று முணுமுணுத்தார்.

சக்கரவர்த்திக்குப் பின்னால் அவள் இருந்தாள். அறையிலிருந்த வெளிச்சமெல்லாம் அந்தக் கறுப்புக்குள் இறங்கியது போலிருந்தது. முகத்தின் ஒரு பாதியும், இடது கையிலிருந்த வாளின் விளிம்பும் மட்டும் அதற்குள்ளிருந்து மேலே எழுந்து வந்தன.

"எட்டு வருஷம் தினமும் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார் ராவ்சாகிப். அவர் யாரிடம் பேசுகிறார் என்று தெரியவில்லை. "மதராஸ்காரன் அதை இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவைப்பான். யாருக்கு என்ன லாபம்?"

"அதுக்காகப் புத்தகப் பக்கத்தைக் கருக்கி அவன் அடுப்புல போட்டு, ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்புவீங்களா?" என்றார் உக்கிரபாண்டி.

"அவனா?" ராவ்சாகிப் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "அவன் எப்படியும் என்றைக்காவது போகிறவன்தானே."

அந்த வாக்கியத்தைப் பத்து நாளாக ஸ்டேஷனில் சொல்லிக்கொண்டிருந்தவர் குருபாதம்தான். அவர் கழுத்து சிவந்தது. "பொய் மகஜர் எழுத வச்சு என்னை முட்டாளாக்கிட்டீர்" என்றார் ராவ்சாகிபிடம். பொய்ப் புகார் என்று மகஜரின் அடியில் எழுத ஆரம்பித்தார். உக்கிரபாண்டி ஒவ்வொரு சொல்லாகக் கவனித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எழுதி முடித்ததும் குருபாதம் அவர் முகத்தைப் பார்க்காமலே சாவியைக் கான்ஸ்டபிளிடம் வீசினார்.

விலங்கு கழன்றது. பேயாண்டி வீங்கிய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். வெளியே போகவில்லை. மேஜையருகே வந்து, தன்னைப் பத்து நாள் அடிவாங்க வைத்த அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தான்.

"யாரு தலை இது?"

பழக்கதோஷத்தில் ராவ்சாகிப்தான் பதில் சொன்னார். "ஒரு சேனாதிபதி. அவள் ஊரைச் சுற்றி வளைத்து, ஜனங்களைப் பட்டினி போட்டவன்."

பேயாண்டி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். ராவ்சாகிபைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"நல்லாத்தான் வெட்டியிருக்கா" என்றான்.

ஹாலில் முதலில் சிரித்தவள் ஒச்சம்மாள்.